கம்ஃபர்டபிளாக வைத்திருக்கிறார்கள்

"யூ லுக் புவர்லி, லவ்" என்று மோரீன் என்னிடம் சொன்னபோது நான் அந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் வந்துகொண்டிருந்தேன். மோரீன்தான் அங்கே மேலாளர். குட்டையான உருவம், உரத்த குரல். பால் கொண்டுவருகிற ஆள் முதற்கொண்டு எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அப்படிச் சொன்னார். புவர் என்றால் ஏழை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று நான் போட்டிருந்த ஸ்வெட்டர் யாரோ கொடுத்த பழையதுதான். அதற்காக இப்படி முகத்துக்கு நேராகவா சொல்வார்கள் என்று சுருக்கென்றது. "நோ, நோ. மை ஹஸ்பண்ட் இஸ் ஆல்ஸோ வொர்க்கிங்" என்றேன். மோரீன் விழித்தார். பிறகு, "தட்ஸ் நைஸ்" என்று சொல்லிவிட்டு என்னை உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். அழுகையோடு உடம்பும் அனலாகக் கொதித்தது. சாயங்காலம் என் கணவர்தான் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: புவர்லி என்றால் இந்த ஊரில் உடம்பு சரியில்லை என்று பொருளாம். எனக்குக் காய்ச்சல் என்பதை என்னைவிட முன்னால் மோரீன் கண்டுபிடித்திருக்கிறார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஊரில் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுக்கு வர ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் சிலர் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். ஒன்றுபோலத் தெரிகிற வார்த்தைகளை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்கள். 'பாரோ' என்றால் கடன் வாங்குவது, 'லெண்ட்' என்றால் கடன் கொடுப்பது என்கிற மாதிரி. அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, படித்தால் வந்துவிடும். தேர்வில் வராத ஒரு வார்த்தையைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும். அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தை என்பதால் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் சொல்லித்தரவில்லை.

என் ஊர் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்னக் குடியிருப்பு. சாமையும் புளியும் பலாவும்தான் பிழைப்பு. எங்கள் ஊரில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆங்கில வார்த்தை இல்லாமல் ஒரு நாளும் நகராது. 'பார்ட்டி வந்திருக்குது' என்றால் புளி வாங்க வியாபாரி வந்திருக்கிறார் என்று பொருள். ஒருவனை 'டைட்டு' என்றால் அவன் குடித்திருக்கிறான். 'சீரியஸ்' என்றால் இனிப் பிழைப்பது கடினம். என் தம்பி ஏழுமலை ஆலங்காயத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறான். 'சீரியஸ் கேஸ்' என்று யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால் ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி இடம் கொடுத்துவிடுவார்கள். இங்கே வந்த புதிதில் டீயில் நான் மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் "ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டாள். சர்க்கரைக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இப்படி எத்தனையோ. காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது முந்தைய ஷிஃப்ட் நர்ஸ், ஹரால்ட் என்ற பெரியவர் 'ஹார்ட்லி' சாப்பிட்டார் என்றாள். ஹார்ட் என்றால் கடுமையாக. 'ஒர்க் ஹார்ட்' என்று எங்கள் கல்லூரிச் சுவரில்கூட எழுதியிருந்தது. மனுஷன் நன்றாக வெளுத்துக்கட்டியிருக்கிறார் என்று நினைத்து "வெரி குட்" என்றேன். அவள் என்னை ஈவிரக்கமில்லாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஹார்ட்லி என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று அவளே பொறுமையாக விளக்கினாள். பின்னால் ஒரு 'லி' ஒட்டினால் வார்த்தை தலைகீழாகப் புரண்டுவிடுகிற மொழி இது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும், "யூ மீன் ஹி டிட் நாட் ஈட்?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிடுவது எனக்குப் பழக்கமாயிற்று. திருப்பிக் கேட்பதில் வெட்கமில்லை. இதை மட்டும் படிக்கிற பெண்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் 'கம்ஃபர்டபிள்' என்று கேட்டபோது நான் திருப்பிக் கேட்கவில்லை. தெரியாத வார்த்தையைத்தானே கேட்கத் தோன்றும்? கம்ஃபர்டபிள் எங்கள் மலைக்கே தெரிந்த வார்த்தை. ஏழுமலையின் ஜீப்பில் முன்சீட்டு கம்ஃபர்டபிள். புதுச் செருப்பு காலைக் கடிக்காவிட்டால் கம்ஃபர்டபிள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்களாக இருந்தால், பொண்ணு கம்ஃபர்டபிளா இருக்குது.

இல்லத்தில் ஈடித் என்று ஒரு அம்மாள் இருந்தார். வயதான காலம்வரை ரொட்டிக் கடை நடத்தியவர். நான் மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்து, உள்ளங்கையை மாவு பிசைவதுபோல அழுத்திக்கொண்டிருப்பார். குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்று, "வீ வில் கீப் ஹெர் கம்ஃபர்டபிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. தலையணையை உயர்த்தி வைத்தேன். நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அவரிடமே சொன்னேன். மறுநாள் போனால் அவருடைய மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியிருந்தார்கள். அறையில் கூடுதலாக இரண்டு நாற்காலிகள். தொலைவிலிருந்து மகள் வந்து உட்கார்ந்திருந்தாள். மோரீனிடம் போய், "டாக்டர் செட் கம்ஃபர்டபிள்" என்றேன், ஏதோ தவறு நடந்துவிட்டதைச் சொல்வதுபோல. மோரீன் என்னைத் துணிகள் அடுக்கிவைக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "தட்ஸ் வாட் இட் மீன்ஸ், லவ்" என்றார்.

இனிக் குணமாக்க முடியாது. வலியில்லாமல், மூச்சுத் திணறாமல், பயமில்லாமல் போகவிடுவோம். இவ்வளவும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது. நான் வேலூரில் பயிற்சி எடுத்த காலத்தில் பார்த்த சாவுகள் வேறு மாதிரி. கடைசி நிமிடம்வரை நெஞ்சை அமுக்கிக்கொண்டும், ஊசி தேடிக்கொண்டும், உறவினர்களை வெளியே தள்ளிக்கொண்டும் இருப்போம். ஈடித் ஒரு மத்தியான வேளையில், மகள் ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது போனார். யாரும் ஓடவில்லை. அவசரமில்லாத ஒரு சாவை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அதன்பிறகு அந்த வார்த்தையை நானே எத்தனையோ பெரியவர்களின் பிள்ளைகளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, எதிர்முனையில் மௌனம் வருவதற்காகக் காத்திருப்பேன்.

போன வருடம் புளி உலுக்குகிற காலத்தில் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. இடைவேளையில் பிரெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு வாங்கிச்சி. ஜீப்ல போட்டுனு கீழ வந்து பெரிய ஆஸ்பத்திரில சேத்துட்டேன்."

"இப்ப எப்பிடி இருக்காரு? டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஒன்னும் பயப்படாத. கம்ஃபர்டபிளா வெச்சிக்கலாம்னு சொன்னாரு."

"டாக்டரா? அந்த வார்த்தையேவா சொன்னாரு?"

"ஆமாக்கா. கம்ஃபர்டபிள்னுதான் சொன்னாரு. நல்ல டாக்டரு. என் தோள்ல கைய வெச்சிப் பேசினாரு."

டாக்டர்கள் எந்த நேரத்தில் தோளில் கை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "சீரியஸாடா?" என்று கேட்டேன். "அய்ய, அதெல்லாம் இல்ல" என்றான். நம் ஊர்ப் பக்கம், தூரத்தில் இருப்பவர்களிடம் சாவுச் செய்தியை நேராகச் சொல்ல மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கொஞ்சம் உடம்பு முடியலே, ஒரு எட்டு வந்துட்டுப் போ என்பார்கள். வந்து பார்த்தால் வாசலில் பந்தல் போட்டிருக்கும். அப்பாவிடம் போனைக் கொடு என்றேன். அவர் தூங்குகிறார் என்றான். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப எத்தனை முறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

மோரீனிடம் போய் விடுப்பு கேட்டேன். "ஈஸ் இட் சீரியஸ்?" என்று கேட்டார். அதற்கு எந்த ஊர்ப் பொருளில் பதில் சொல்வதென்று தெரியவில்லை. "தே ஆர் கீப்பிங் ஹிம் கம்ஃபர்டபிள்" என்றேன். மோரீன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "ஐ'ம் சோ ஸாரி, லவ்" என்றார். நம் ஊரில் சாரி சொன்னால் சொன்னவர் மீது ஏதோ தவறு என்று அர்த்தம். இங்கே ஸாரி என்பது துக்கம் விசாரிப்பதற்கும் ஆகும். அந்த ஒரு சொல்லிலேயே என் அப்பா பாதி செத்துவிட்டார். துக்க காலத்துக்கென்று கொடுக்கும் கம்பாஷனேட் லீவ் எனக்கு அப்போதே கிடைத்துவிட்டது. என் கணவர் மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விமானத்தில் பக்கத்தில் இருந்தவர் எதற்காக ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அப்பா இறந்துவிட்டார் என்றே சொல்லிவிட்டேன். அவர் தன் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் பேருந்தில் ஏறினேன். ஆலங்காயத்தில் ஏழுமலைக்கு வேண்டிய இன்னொரு ஜீப்காரர் என்னைப் பார்த்ததும் பையை வாங்கி மேலே போட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ரோடு போட்டது பற்றியும் யாரோ கவுன்சிலரோடு சண்டை போட்டது பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். துக்க வீட்டுக்குப் போகிறவளிடம் இப்படியா பேசுவார் என்று ஒரு வளைவில் சந்தேகம் வந்தது. கேட்கப் பயமாக இருந்ததால் கேட்கவில்லை.

வீட்டு முற்றத்தில் பந்தல் இல்லை. அம்மா புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கயிற்றுக் கட்டிலில் முதுகுக்கு ஒரு மூட்டையை அண்டக் கொடுத்து, ஒரு கிண்ணத்தில் சாமைச் சோற்றை வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மல்லிகா இது, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?" என்றார்.

பையைக் கீழே போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சோற்றுக் கையோடு என் தலையைத் தொடாமல் கையை மேலேயே வைத்துக்கொண்டு, "யாரு இன்னா சொன்னாங்க, சொல்லு" என்றார். அம்மா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தி, "வூட்ல எதுனா சண்டையா? ஒத்தப் பையோட வந்திருக்கற" என்று கேட்டாள். அவர் நல்லவர், சண்டையில்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. அடுத்த இரண்டு நாளும் என் கணவர் வீடியோவில் வரும்போதெல்லாம் நான் போன் பேசுகிற பலா மரத்தடிக்கு வந்து நின்று அவர் குரலில் கோபம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஏழுமலை ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நாந்தான் சொன்னேனே, கம்ஃபர்டபிளா இருக்காருன்னு. முந்தாநேத்தே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. தனி பெட்டு, ஃபேனு, எல்லாம் குடுத்து நல்லா வெச்சிருந்தாங்க." அவனுக்கு அந்த வார்த்தை ஜீப்பின் முன்சீட்டு. எனக்கு அது ஈடித்தின் அறையில் போட்டிருந்த இரண்டு நாற்காலிகள். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வர, நானும் சிரித்தேன். செத்துப்போனதாக நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த மனிதர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அன்று கோழி அடித்தார்கள்.

சந்தோஷம் நீடித்திருந்தால் இது ஒரு வேடிக்கைக் கட்டுரையாக முடிந்திருக்கும். மறுநாள் காலையில் அப்பா ஆட்டுக் கொட்டகைக்கு நடந்து போவதைப் பார்த்தேன். பாதி தூரத்தில் நின்று புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். காய் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த மரத்தைத்தான் போன வாரமே உலுக்கி முடித்தாயிற்றே. கொஞ்சம் நடந்து, மறுபடி நின்று, இப்போது வானத்தைப் பார்த்தார். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு இடத்திலும் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, மேலே வரவில்லை. நெஞ்சு தளர்ந்தவர்களுக்குத்தான் இப்படிக் காலில் நீர் கோக்கும். ஏன் படுக்காமல் மூட்டையில் சாய்ந்தே தூங்குகிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மகளாக இருந்த ஒரு நாள் முடிந்து, நான் மறுபடியும் நர்ஸ் ஆகிவிட்டேன்.

ஏழுமலையோடு ஜீப்பில் கீழே போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். இளம் வயது. களைத்த கண்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னதும் நாற்காலியைக் காட்டினார்.

"ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கும்மா. கிட்னியும் போய்ட்டிருக்கு. பெரிய ட்ரீட்மென்ட் எதுவும் அவர் உடம்பு தாங்காது. வேலூருக்குக் கொண்டுபோனாலும் இதே மாத்திரைதான் தருவாங்க. உங்க தம்பிகிட்ட சொன்னேனே."

"கம்ஃபர்டபிளா வெச்சிக்கலாம்னுதானே சொன்னீங்க சார்?" என்றான் ஏழுமலை.

"ஆமாம். அதைத்தான் சொன்னேன்" என்றார் டாக்டர்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. டாக்டர் கருணையோடு, அவர் படித்த மொழியில், சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். தம்பி அதைத் தனக்குத் தெரிந்த பொருளில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கிறான். கடல் தாண்டி இருந்த எனக்கு மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறது. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

திரும்பி வரும்போது ஏழுமலை மலைப்பாதையில் ஒரு வளைவில் ஜீப்பை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்தான்.

"வேலூருக்கே தூக்கினு போலாம். இன்னைக்கே."

"டாக்டரு சொன்னத கேட்ட இல்ல? அங்கயும் இதேதான்டா. வழியில அவருக்கு இன்னும் மூச்சு முட்டும். போனதும் ட்யூப் வெச்சி, உன்னியும் என்னியும் வெளிய நிக்க வெச்சிடுவாங்க. நான் அங்க வேல பாத்திருக்கறேன்."

"அதுக்கு?"

"விட்டுடலாம்டா."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் அது தவறு என்று எனக்கே தெரிந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். "விட்டுடலாமா? அத சொல்றதுக்கா ஏரோப்ளேன் புடிச்சி வந்த? அங்க இருக்கறவங்க பெத்தவங்கள ஹோம்ல கொண்டுபோய்ப் போடறாங்க. அந்த வழக்கத்த இங்க வந்து சொல்றியா?"

இல்லத்தில் மோரீன் குடும்பத்தாரிடம் பேசும்போது இரண்டு தொடர்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்வார். 'கிவ்விங் அப்' வேறு, 'லெட்டிங் கோ' வேறு என்பார். முதலாவதில் மனிதரைக் கைவிடுகிறோம். இரண்டாவதில் அவரை இழுத்துப் பிடித்திருக்கும் நம் கையைத் தளர்த்துகிறோம். ஆங்கிலத்தில் அதைக் கேட்கும்போது எவ்வளவு தெளிவாக இருந்தது. என் சொந்த மொழியில் இரண்டுக்கும் 'விடு'தான் வாயில் வருகிறது. என் சம்பளமே இந்த விஷயத்தைப் பக்குவமாகச் சொல்வதற்குத்தான். அதைக் கூடப்பிறந்த தம்பியிடம் சொல்லத் தெரியவில்லை. ஜீப்பைக் கடந்து ஒரு மோட்டார்சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஏழுமலை கை தூக்கினான். அது வளைவில் மறைந்ததும் அழத் தொடங்கினான்.

"ஏழுமல, நான் சொல்றத கேளு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தூக்கினு அலையறத விட்டுடலாம்னு சொன்னேன். அப்பாவ விடச் சொல்லல. அவரு பக்கத்துலயே இருக்கலாம். மூச்சு முட்டாம பாத்துக்கலாம். எந்த மாத்திர எப்ப குடுக்கணும்னு நான் சொல்லித் தரேன். அவருக்கு எது வேணுமோ அவரையே கேக்கலாம்."

அவன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தான். "இத மொதல்லயே இப்பிடி சொல்லி இருக்கலாம் இல்ல" என்றான்.

அப்பாவிடம் நாங்கள் இருவரும் சேர்ந்தே பேசினோம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். எப்படித் தொடங்குவது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவரே, "நெஞ்சு வீக்குன்னு சொன்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்குத் தெரியாதா இன்னா. மூச்சு என்னுதுதான?" என்றார். வேலூருக்குப் போகலாமா என்று ஏழுமலை கேட்டான். கேட்கும்போதே அவன் குரல் எங்களை விட்டுப் போய்விடாதே என்று கெஞ்சுவதுபோல இருந்தது.

"நான் வரல. கீழ ஆஸ்பத்திரில படுத்துனு ஃபேனையே பாத்துனு கெடந்தேன், ஒரு காக்காகூட கண்ணுல படல. இங்கயே கெடக்கறேன். ரொம்ப முட்டுனா மாத்திர குடுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எப்ப போற?"

"நான் இருந்துடட்டுமாப்பா?"

"இருந்து இன்னா பண்ணுவ? நாள் முச்சூடும் என் காலையே அமுக்கி அமுக்கிப் பாத்துனு குந்தினு இருப்பியா? புள்ள அங்க கீது. அந்தக் கெழவங்க கெழவிங்க வேற உன்ன நம்பினு இருக்கறாங்க."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பிறகு அவள் என் கணவரைப் பற்றிச் சந்தேகப்படவில்லை. நான் எதற்காக ஓடிவந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சந்தேகமே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

விடுப்பு முடியும்வரை இருந்தேன். கால் வீக்கத்துக்கு நீர் போகிற மாத்திரை, மூச்சு முட்டினால் கொடுக்க வேண்டியது, எப்போது டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், எப்படி முதுகைத் தாங்கி உட்கார வைப்பது என்று ஏழுமலைக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஜீப் ஓட்டுகிற முரட்டுக் கை, ஆனால் என்னுடன் வேலை செய்யும் பலரைவிட மெதுவாக அவரைத் திருப்பியது. கிளம்பும் நாளில் அப்பா எழுந்து வாசல்வரை வந்தார். வழியில் நின்று எதையும் பார்ப்பதுபோல நடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே நின்றார். எங்களிடம் மறைக்க அவருக்கு இனி ஒன்றும் இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திரும்பி வந்ததும் மோரீன், எல்லாம் முடிந்ததா என்று கேட்கும் முகத்தோடு வந்தார். ஹி ஈஸ் அலைவ் என்றேன். இங்கே துக்க விடுப்பில் போய்விட்டு இப்படிச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நடந்ததை என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் மொழியில் கம்ஃபர்டபிள் என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். சௌகரியம் என்றால் முன்சீட்டு. நிம்மதி என்றால் கடன் அடைந்தவனுக்கு வருவது. ஒரு வார்த்தை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து நீளமாகத்தான் சொல்ல வேண்டும் என்றேன். எங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், சோம்பேறித்தனத்தில் ஒரு வார்த்தையாக்கிவிட்டோம் என்றார் மோரீன். அதிலிருந்து குடும்பத்தாரிடம் பேசும்போது நானும் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்துவதில்லை. என்ன செய்யப் போகிறோம், என்ன செய்யப் போவதில்லை என்று எளிய சொற்களில் சொல்கிறேன். புரிந்ததா என்று நான் கேட்பதில்லை. நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கு நான் தரக்கூடிய பாடம் இவ்வளவுதான்.

அப்பா இப்போதும் இருக்கிறார். நடமாட்டம் குறைந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் போன் எடுக்காது. பலா மரத்தடியில் மட்டும் சிக்னல் கிடைக்கும் என்பதால் ஏழுமலை பகலில் கட்டிலை அங்கே போட்டுவிடுகிறான். எனக்கு விடுமுறை நாளில் இங்கே காலை, அங்கே மத்தியானம். வீடியோவில் கூப்பிட்டு, போனைக் கட்டிலருகே ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஏழுமலை வேலைக்குப் போய்விடுவான். பேச ஒன்றும் இருக்காது. நான் சமையலறை மேஜையில் என் போனை நிறுத்தி வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். அவர் சாய்ந்தபடி தூங்குவார். அவர் மூச்சு என் சமையலறை முழுக்கக் கேட்கும். முதலில் நர்ஸ் புத்தியில் மூச்சை எண்ணத் தொடங்குவேன். எங்கேயோ எண்ணிக்கை விட்டுப்போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் பாதி சாப்பிட்டுவிட்டு வைத்திருந்த கிண்ணத்தை ஒரு கோழி வந்து கொத்தத் தொடங்கியது. கையில் கத்தியை வைத்துக்கொண்டு, "ச்சூ, ச்சூ" என்று நான் சத்தம் போட்டேன். கோழி தலையைத் தூக்கி, யாரும் இல்லாத முற்றத்தைச் சுற்றிப் பார்த்தது. மறுபடி குரல் கொடுத்தேன். அது இறக்கையை அடித்துக்கொண்டு ஓடியது. அப்பா கண்ணைத் திறக்காமலே, "மல்லிகா, அந்தக் கிண்ணத்த எடுத்து உள்ள வெய்ம்மா" என்றார். நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஈரக்கையோடு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் என் சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.